தொண்ணூறு நாளும் என் வாயும்

துறைமுக வாசலில் வந்து என் பெயரைச் சொல்லி விசாரித்தீர்களானால் ஒருத்தருக்கும் தெரியாது. "அவசரம் வந்தாச்சா?" என்று கேளுங்கள். வாட்ச்மேனிலிருந்து கிரேன் ஓட்டுகிறவர் வரைக்கும் கையை நீட்டிக் காட்டுவார்கள். இருபத்தாறு வருஷமாக அந்தப் பெயர்தான். ஆரம்பத்தில் கோபம் வந்தது. உட்கார்ந்து கோபப்படக்கூட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததால்தான் அந்தப் பெயரே வந்தது என்று புரிந்ததும் விட்டுவிட்டேன்.

தொழில், கஸ்டம்ஸ் புரோக்கர். கப்பலில் சரக்கு வந்து இறங்கும். எந்த ஃபாரத்தை எங்கே கொடுப்பது, எந்த வரியை எப்படிக் கட்டுவது என்று சரக்குக்காரருக்கு ஒன்றும் தெரியாது. அவருக்காக நாங்கள் கையெழுத்துப் போட்டு, மேசை மேசையாக ஏறி இறங்கி, கன்டெய்னரை வெளியே கொண்டுவந்து விடுவோம். அரசாங்கம் கொடுத்த லைசென்ஸ் இருந்தால்தான் சுங்க அலுவலகத்தின் படியை மிதிக்க முடியும். அது போனால் நான் வெறும் வழுக்கைத் தலை ஆள், அவ்வளவுதான். வேறு ஒரு வேலையும் தெரியாது. வீட்டில் பல்ப் மாட்டக்கூட ஆள் கூப்பிடுகிற ரகம்.

அந்த லைசென்சுக்கான பரீட்சையை நான்காவது தடவையில்தான் பாஸ் செய்தேன். மூன்று தடவை கோட்டைவிட்டதற்குக் காரணம், மூன்று மணி நேரப் பரீட்சையை ஒன்றரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு முதல் ஆளாக வெளியே வந்ததுதான். நான்காவது தடவை எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. என் மனைவி பரீட்சை ஹாலின் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு, மணி அடிப்பதற்கு முன்னால் என் முகத்தை அங்கே பார்த்தால் நேராக அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். பாஸாகாமல் என்ன செய்வேன்? லைசென்ஸ் வந்த அன்றே கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினேன். கல்யாணப் போட்டோ உள் அறையில் இருக்கிறது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமல் இருக்கிற விதத்திலேயே சொல்லிவிடுவாள்.

எங்கள் தொழிலைச் சுருக்கமாகச் சொன்னால், ஃபைல் நகர்த்துவது. ஃபைல் தானாக நகராது. நாம் போய் நின்று, இளித்து, இருமி, "பாத்துட்டீங்களா?" என்று கேட்டால் அது அடுத்த மேசைக்குப் போகும். ஒரு மேசையில் ஒரு ஃபைல் சும்மா கிடப்பதைப் பார்த்தால் எனக்கு உடம்பே அரிக்கும். அது யாருடைய ஃபைலாக இருந்தாலும் சரி. கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே அந்தப் பக்கம் இருக்கிற காகிதத்தைத் தலைகீழாகப் படிக்கிற வித்தையும் எனக்கு உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக் கனம். கஸ்டம்ஸ் ஆபீசில் நேராகப் படிக்கிறவர்களைவிட நான் தலைகீழாக வேகமாகப் படிப்பேன்.

லைசென்ஸ் பிரிவில் ஒரு கிளார்க்கம்மா இருந்தார். பதினாலு வருஷப் பழக்கம். நான் அவரைத் தங்கச்சி என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யாரிடமும் ஒரு பேனாகூட வாங்கிக்கொள்ளாத ஆள். மேசை மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் விடுமுறை நாட்கள் பட்டியல், பக்கத்தில் தபால் பதிவேடு. அந்த ஆபீசில் நான் "ஆச்சா?" என்று கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் என் தலை தெரிந்ததுமே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். மணி அடிக்காத போனை.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். குற்றம்தான், மழுப்பவில்லை.

புது வாடிக்கையாளர் வந்தால், அவர் கொடுத்த முகவரிக்கு நாமே நேரில் போக வேண்டும். அங்கே அப்படி ஒரு கம்பெனி இருக்கிறதா என்று பார்த்து, ஃபாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது விதி. ஒரு நாள் நல்ல சட்டை போட்ட ஒருத்தர் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலி இறக்குமதி என்றார். கன்டெய்னர் ஏற்கெனவே வந்து நிற்கிறது, சீக்கிரம் எடுத்துக் கொடுங்கள் என்றார். சீக்கிரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் மூளை கழன்றுகொள்ளும். முகவரிக்குப் போக அரை நாள் ஆகும். போகவில்லை. ஆபீசில் உட்கார்ந்தபடியே "நேரில் சென்று பார்வையிட்டேன்" என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஃபாரத்தில் "இடத்தைப் பற்றிய குறிப்பு" என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காதே. "சுத்தமான கட்டடம், எப்போதும் ஆள் நடமாட்டம் உள்ள இடம்" என்று எழுதிவைத்தேன்.

கன்டெய்னரைத் திறந்தபோது முன்னால் இரண்டு வரிசை நாற்காலி, பின்னால் முழுக்கத் தடை செய்யப்பட்ட பழைய பேட்டரி. நல்ல சட்டைக்காரர் கம்பி நீட்டிவிட்டார். விசாரணைப் பிரிவு அவர் முகவரியைத் தேடிப் போனது. அந்த முகவரியில் இருந்தது ஒரு பொதுக் கழிப்பிடம்.

ஆள் நடமாட்டத்தைப் பற்றி நான் எழுதியதில் பொய் இல்லை என்று என் மனைவி சொன்னாள். அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை.

விசாரணைப் பிரிவு என் மேல் ஓர் அறிக்கை எழுதி லைசென்ஸ் பிரிவுக்கு அனுப்பியது. அது வந்து சேர்ந்ததை நானே பார்த்தேன். மார்ச் மாதம் நாலாம் தேதி, புதன்கிழமை, காலையில். வேறு ஒருத்தருடைய வேலையாகக் கவுன்டரில் நின்றிருந்தேன். பியூன் ஒரு பழுப்புக் கவரைக் கொண்டுவந்து கிளார்க்கம்மாவிடம் நீட்டினார். சிவப்பு லேபிள். அவர் பிரித்தார். முதல் பக்கத்தில் என் லைசென்ஸ் எண்ணைத் தலைகீழாகப் படித்தேன். அவரும் படித்தார். என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். காகிதத்தைக் கவருக்குள் போட்டு, மேல் டிராயரில் வைத்து மூடினார். "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி, இல்லண்ணே?" என்றார். ஆமாம் என்றேன்.

அதற்கு அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. அங்கேதான் என் சங்கடமே ஆரம்பித்தது.

நோட்டீஸ் வரும், வரும் என்று காத்திருந்தேன். மார்ச் போனது. ஏப்ரல் போனது. லைசென்ஸ் பறிபோகுமா, போகாதா? இரண்டில் ஒன்று தெரிந்துவிட்டால் தேவலை என்று ஆகிவிட்டது. தினமும் போய் "நம்ம விஷயம்?" என்று கேட்பேன். வரும்போது வரும் என்பார் அந்தம்மா. ஒரு நாள், இதற்கெல்லாம் யாராவது அவசரப்படுவார்களா, வீட்டில் போய் நிம்மதியாக இருங்கள் அண்ணே என்றார். இன்னொரு நாள், என்னைப் பார்த்துக் கொஞ்சம் அழுத்தமாகவே, "சும்மா இருங்கண்ணே" என்றார். ஒரு மனுஷி இதற்கு மேல் எப்படிச் சொல்வார்? மரமண்டை எனக்கு உறைத்ததா? பதினாலு வருஷம் பழகியும் என் தவிப்பு புரியவில்லையே, இந்தம்மாவும் மற்றவர்கள் மாதிரி ஆகிவிட்டதே என்று கோபம்தான் வந்தது.

மே மாதம் இருபத்தேழாம் தேதி என் பொறுமை, அப்படி ஒன்று இருந்தால், அறுந்துவிட்டது. நேராக மாடிக்குப் போய், பெரிய அதிகாரியின் அறையில் ஒரு புகார்க் கடிதம் கொடுத்தேன். நானே டைப் அடித்த கடிதம். "மார்ச் மாதம் 4ஆம் தேதியே வந்து சேர்ந்துவிட்ட அறிக்கையின் மீது இன்று வரை எவ்வித நடவடிக்கையும் எடுக்காமல் மெத்தனமாக இருந்துவரும் லைசென்ஸ் பிரிவின் போக்கு மிகுந்த வேதனை அளிக்கிறது." அந்த வரியை எழுதிவிட்டு இரண்டு தடவை வாசித்து ரசித்தேன். மெத்தனம் என்ற வார்த்தையில் எனக்கு அன்றைக்கு அவ்வளவு பிரியம்.

பெரிய அதிகாரி கடிதத்தைப் படித்தார். படித்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடை வாசலில் நின்று "திருடன் வந்திருக்கேன், பிடிங்க" என்று கூப்பிடுகிறவனைப் பார்க்கிற பார்வை. அப்போது அது எனக்கு மரியாதையான பார்வையாகத் தெரிந்தது. உடனே ஃபைலை வரவழைப்பதாகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். படியில் ஒரு ஃபைலை நகர்த்திவிட்ட சந்தோஷத்தில் சீட்டி அடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப் போகிறது?

ஜூன் ஐந்தாம் தேதி நோட்டீஸ் தயாரானது. லைசென்சை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று முப்பது நாளைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம், அப்புறம் நேரில் விசாரணையாம். கிளார்க்கம்மாவேதான் கையில் கொடுத்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மாடியில் நல்ல வாங்கு வாங்கியிருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி அவர் சொன்னார்:

"அண்ணே, இன்னும் ரெண்டே ரெண்டு நாள் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தீங்கன்னா, உங்கள யாரும் தொட்டிருக்க முடியாது."

எனக்குப் புரியவில்லை. திருதிரு என்று விழித்தேன். அவர் பதிவேட்டைத் திறந்து குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியின் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் வக்கீல். நான் வக்கீல் என்று மதிக்காத வக்கீல், ஏனென்றால் கல்யாணத்தன்று என் செருப்பை ஒளித்துவைத்தவன். அவன் விதிப் புத்தகத்தைப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்து, என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். விஷயம் இதுதான். ஒரு புரோக்கர் மேல் குற்ற அறிக்கை வந்தால், அது லைசென்ஸ் பிரிவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து தொண்ணூறு நாளைக்குள் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் அந்தக் குற்றத்துக்காக லைசென்சை ரத்து செய்ய முடியாது. கதை முடிந்தது.

கன்டெய்னரை எத்தனை நாள் வாடகை இல்லாமல் துறைமுகத்தில் வைக்கலாம், கிடங்கில் எத்தனை மாதம் வைக்கலாம், அப்பீலுக்கு எத்தனை நாள், அபராதத்துக்கு எத்தனை நாள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் சொந்த லைசென்சின் விதியை இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவை வாசித்ததில்லை. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, நான் அதற்கு ரசீதும் வாங்கி வைத்திருந்தேன்.

அந்தம்மா என் ஃபைலைத் தூங்க வைத்திருந்தார். எனக்காக. வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லாமல், காசு கேட்காமல், நன்றியும் கேட்காமல். நான் மாடிக்குப் போய் அதை எழுப்பி, தூங்க வைத்தவரையும் காட்டிக் கொடுத்துவிட்டு, படியில் சீட்டி அடித்திருக்கிறேன். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஊர்ல உள்ள ஃபைலையெல்லாம் நகத்துனீங்க, சரி. உங்க ஃபைலையாவது விட்டு வச்சிருக்கக் கூடாதா?" என்றாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மச்சினன் மட்டும் என் புகார்க் கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணி முடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். பதிவேட்டில் அறிக்கை மார்ச் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை வந்ததாகப் பதிந்திருக்கிறார்கள், நோட்டீஸிலும் அதே தேதிதான். அதிலிருந்து கணக்குப் போட்டால் நோட்டீஸ் எண்பத்தெட்டாவது நாள், சரியாக இருக்கிறது. ஆனால் நான் என் கடிதத்தில் நாலாம் தேதி என்று எழுதியிருக்கிறேன். நாலாம் தேதியிலிருந்து எண்ணினால் தொண்ணூற்று மூன்றாவது நாள். மூன்று நாள் தாமதம். லைசென்ஸ் தப்பித்தது.

பியூன் வைத்திருந்த டெலிவரி நோட்டில் கையெழுத்து இருந்தது, தேதி இல்லை. ஆக, அறிக்கை நாலாம் தேதியே வந்தது என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி, தலைகீழாகப் படித்த நான்தான்.

புதன்கிழமை வந்ததைத் திங்கட்கிழமை வரை பதியாமல் கிளார்க்கம்மா டிராயரில் வைத்திருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. பதிந்தால் என் நாள் எண்ணப்பட ஆரம்பிக்கும். ஐந்து நாள் அந்தம்மாவுக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். அதை நான் இப்போது விசாரணையில் சொன்னால் என் லைசென்ஸ் நிற்கும், அவர் தலை உருளும். சொல்லாவிட்டால் நான் வீட்டில் உட்கார்ந்து பல்ப் மாட்டப் பழக வேண்டும். மகளுக்குப் படிப்பு பாக்கி இருந்தது. ஆபீசில் என்னை நம்பி இரண்டு பேர் இருந்தார்கள்.

விசாரணைக்கு முந்தின வாரம் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று "சரியா ஞாபகம் இல்ல சார்" என்று சொல்லிப் பழகினேன். அவ்வளவு பெரிய தியாகி நான். என் தியாகத்தை நினைத்து எனக்கே கண் கலங்கியது. முகத்தில் சோப்பு நுரையோடு ஒரு ஆள் கண் கலங்கி நிற்பதைப் பார்த்து என் மனைவி, கண்ணில் சோப்பு போய்விட்டதா என்று கேட்டாள். ஆனால் ஒவ்வொரு தடவை கூடத்தைத் தாண்டும்போதும் சுவரில் இருக்கிற லைசென்ஸ் கண்ணில் படும். தியாகம் அங்கேயே கரைந்துபோகும். மச்சினன் ஒன்றே ஒன்றுதான் சொல்லிக் கொடுத்தான். நீங்களாக எதுவும் பேச வேண்டாம், பார்த்தீர்களா என்று கேட்டால் பார்த்தேன் என்று சொல்லுங்கள், அதற்கு மேல் ஒரு எழுத்துகூட வேண்டாம் மாமா என்றான். உங்கள் வாய் உங்களுக்கே தெரியும் என்றும் சொன்னான்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. ஒரு நீள மேசை, ஐந்து நாற்காலி, நின்றுபோன ஒரு மின்விசிறி. விசாரணை அதிகாரி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு என் ஃபாரத்தைச் சத்தமாக வாசித்தார். "சுத்தமான கட்டடம், எப்போதும் ஆள் நடமாட்டம் உள்ள இடம்." வாசித்துவிட்டு நிறுத்தினார். அசடு வழிந்தேன். வேறென்ன செய்ய?

கிளார்க்கம்மா எதிரில் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். என் கடிதத்தைக் காட்டி, நாலாம் தேதியே வந்ததா என்று அவரிடம் கேட்டார்கள். இல்லை என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என் வார்த்தையை யார் நம்பியிருப்பார்கள், கழிப்பிடத்தை நேரில் பார்வையிட்டவன் வார்த்தையை? அவர் பதிவேட்டில் மார்ச் மாதப் பக்கத்தைப் புரட்டினார். அப்புறம், வந்திருக்கலாம் சார் என்றார். மற்ற தபால்களோடு மேசை மேல் கிடந்திருக்கும், வேலை நெருக்கடியில் தான் கவனிக்காமல் திங்கட்கிழமை பதிந்திருக்கலாம் என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

நீங்கள் கவனித்தீர்களா? அதிலேயே என் லைசென்ஸ் தப்பித்துவிட்டது. அவருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. கவனக்குறைவு, ஒரு எச்சரிக்கைக் கடிதம், அத்தோடு சரி. இரண்டாம் தடவையும் அவர்தான் என்னைக் காப்பாற்றினார். நான் செய்ய வேண்டியது ஒரே ஒரு வார்த்தை சொல்வது.

அதிகாரி என்னிடம் கேட்டார். "நாலாம் தேதி நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

மச்சினன் பெருமூச்சு விட்டான். அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டே, மற்ற தபால்களோடு கிடந்ததா என்று சாதாரணமாகக் கேட்டார். கட்டத்தை நிரப்புவதற்காகக் கேட்ட கேள்வி. ஆமாம் என்று சொல்ல வேண்டும், அல்லது கவனிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் தப்பாக நிரப்பப்போகிற ஒரு கட்டம் என் கண் முன்னால் இருந்தது. நான் தலைகீழாகப் படித்ததை, அவ்வளவு துல்லியமாகப் பார்த்ததை, யாரோ தபால் குவியல் என்று எழுதப் பார்க்கிறார்கள். மச்சினன் என் காலை மிதித்தான். ஷூ போட்ட கால். நான் அதை, இன்னும் சொல் என்று எடுத்துக்கொண்டேன்.

"இல்ல சார், மேசையில கிடக்கல. பிரிச்சுப் படிச்சாங்க. என்னப் பாத்தாங்க. திரும்பக் கவருக்குள்ள போட்டு மேல் டிராயர்ல வச்சாங்க."

அதிகாரி பேனாவை நிறுத்தி, கிளார்க்கம்மாவைப் பார்த்தார். படிச்சீங்களா என்று கேட்டார். அவர் பதிவேட்டை மூடி வைத்தார். படித்தேன் என்றார். கவனக்குறைவு அந்த இடத்தில் மறைத்துவைத்த குற்றமாக ஆகிவிட்டது. என் வாயால். யாரும் கேட்காத கேள்விக்கு.

மச்சினன் வெளியே வந்ததும் என்னைத் திட்டவில்லை. வாங்க போகலாம் என்று மட்டும் சொன்னான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. நோட்டீஸ் தொண்ணூற்று மூன்றாவது நாளில் கொடுக்கப்பட்டதால் நடவடிக்கை கைவிடப்படுகிறதாம். நான் தப்பு செய்தேனா இல்லையா என்று ஒரு வரி இல்லை. செய்தேன் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். தேதி தாண்டிவிட்டது, அவ்வளவுதான். துறைமுகத்தில் எல்லோரும் கை கொடுத்தார்கள். கிரேன்காரர் இறங்கி வந்து கட்டிப்பிடித்தார். "அவசரத்த யாராலயும் அசைக்க முடியாது" என்றார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அதே வாரம் இன்னொரு உத்தரவும் வந்தது. கிளார்க்கம்மாவுக்கு மூன்று வருஷச் சம்பள உயர்வு நிறுத்தம். அடுத்த வருஷம் அவருக்குக் கண்காணிப்பாளர் பதவி வர இருந்தது, அது இனிமேல் இல்லை. லைசென்ஸ் பிரிவிலிருந்து தூக்கி, கீழ்த்தளத்தில் பழைய ஆவண அறையில் போட்டுவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை.

போய்ப் பார்க்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். லிஃப்டில் கீழ்த்தளத்துக்கான பொத்தானை அமுக்கிவிட்டு, கதவு மூடுவதற்குள் வெளியே வந்துவிடுவேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையைத் தள்ளிப் போட்டேன். இரண்டு மாதம் தள்ளிப் போட்டேன். அப்புறம் லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரம் வந்தது. நடவடிக்கை கைவிடப்பட்ட உத்தரவின் சான்றிட்ட நகலை இணைக்க வேண்டும் என்றார்கள். அது கிடைக்கிற இடம் ஆவண அறை. வேறு ஆளை அனுப்பலாம் என்று பார்த்தேன். என் மனைவி, நீங்களே போங்கள் என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள், மறுக்க முடியவில்லை.

வழியெல்லாம் என்ன பேசுவது என்று தயார் செய்துகொண்டு போனேன். மன்னிப்பு கேட்க வேண்டும். வேணும்னு செய்யலைம்மா என்று சொல்ல வேண்டும். என் வாய்தான் அப்படி என்று சொல்ல வேண்டும். அது மன்னிப்பா, சாக்கா என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

அறை முழுக்க இரும்பு அலமாரிகள். ஒரு டியூப் லைட் எரிந்தது, இன்னொன்று துடித்துக்கொண்டிருந்தது. சின்ன மேசையில் அந்தம்மா உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். நான் விண்ணப்பத்தை நீட்டினேன். வாங்கினார். உட்காருங்கள் என்றார். நான் தயார் செய்துவைத்திருந்த பேச்சின் முதல் வார்த்தை வருவதற்குள் எழுந்து அலமாரிகளுக்கு நடுவே போய்விட்டார். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. நகல் எடுக்கும் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

நகல் கொடுக்க விதிப்படி ஏழு வேலை நாள் உண்டு. பத்து நாள் ஆகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். நாலே நிமிஷத்தில் அவர் திரும்பி வந்து, நகலை மேசையில் வைத்து, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, என் பக்கம் தள்ளினார்.

இப்படிக் கையோடு போய்விடக் கூடாது, இன்னும் இரண்டு தடவையாவது இங்கே வர வேண்டும், இன்னொரு நாள் தைரியம் வந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

"அவசரமே இல்ல தங்கச்சி. ஏழு நாள் இருக்குல்ல. மெதுவா குடுத்தா போதும்" என்றேன்.

"வேணாம் சார். உங்க காகிதம் எதுவும் இனிமே எங்கிட்ட ஒரு நிமிஷம்கூட இருக்க வேணாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை அடித்தது. பெற்றுக்கொண்டதற்கான நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார். கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன். பேனாவை மூடப் போனபோது, நேரமும் போட்டுவிடுங்கள் என்றார்.

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். எண்கள் சரியாகத் தெரியவில்லை, கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. பதினொன்று பதினேழு என்று எழுதினேன்.